ஷெர்பாவுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்

நேபாளத்தில் மலையேறப் போகிறேன், எந்த ஏஜென்சி நல்லது என்று அவ்வப்போது யாராவது என்னிடம் கேட்கிறார்கள். இரண்டு மூன்று விலைப்பட்டியலை அனுப்பி, "மலை ஒன்றுதான், நாட்களும் ஒன்றுதான், விலை மட்டும் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?" என்பார்கள். பர்மிட் கட்டணம் எல்லா ஏஜென்சிக்கும் ஒன்றுதான். எவரெஸ்ட் பக்கம் போக இறங்கும் லுக்லாவுக்கான விமான டிக்கெட்டிலும் பெரிதாக எதையும் குறைக்க முடியாது. அப்படியானால் ஒருவர் விலையைக் குறைத்திருக்கும் இடம் அநேகமாக ஆட்கள்தான். எத்தனை ஷெர்பாக்கள் (எவரெஸ்ட் வட்டாரத்து மலை இனத்தவர்; மலையில் வழிகாட்டுவதும் சுமை ஏற்றுவதும் பெரும்பாலும் இவர்கள்) வருகிறார்கள், அவர்களுக்கு என்ன கூலி, என்ன காப்பீடு, தலைக்கு எவ்வளவு சுமை என்பதில்தான் கை வைத்திருப்பார்கள். மேலே போனபிறகு நம் உயிர் தொங்கிக்கொண்டிருப்பதும் அதே ஆட்களை நம்பித்தான். அதனால் விலைப்பட்டியலில் நான் முதலில் தேடுவது அந்த வரிகளை.

என் அனுபவத்தின் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். டென்சிங் நார்கே பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்த டார்ஜிலிங் ஹிமாலயன் மவுண்டனீரிங் இன்ஸ்டிட்யூட்டில் அடிப்படைப் பயிற்சி முடித்தேன். பிறகு நேபாளத்தில் ஐலண்ட் பீக் (6,189 மீட்டர்), மேரா பீக் (6,476 மீட்டர்) இரண்டும் ஏறியிருக்கிறேன். எவரெஸ்டில் பேஸ் கேம்ப்பைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் ஒரு ஏப்ரலில், தெரிந்த குழுவின் விருந்தாளியாக அங்கே தங்கி, சமையல் கூடாரத்தில் ஷெர்பாக்களோடு உட்கார்ந்து பேசும் வாய்ப்புக் கிடைத்தது. என்னோடு மலையேறிய வழிகாட்டியின் பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்கு வேலை கொடுத்த நிறுவனத்தைப் பற்றிய குறையும் இதில் வருகிறது; அவர் அந்த வட்டாரத்தில் தொடர்ந்து பிழைக்க வேண்டும்.

பேஸ் கேம்ப் 5,364 மீட்டரில் இருக்கிறது. அங்கே தங்கினால் நள்ளிரவு தாண்டியதுமே விழிப்பு வந்துவிடும். ஸ்டவ் இரையும் சத்தம், பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸில் மாட்டும் கிராம்பானின் பற்கள் கல்லில் உரசும் சத்தம், ஜூனிபர் தழை புகையும் வாசம். ஷெர்பாக்கள் ஒவ்வொருவராகப் பூஜைக் கல்மேடை அருகே வந்து நின்று, ஒரு பிடி அரிசியைத் தூவிவிட்டு, முதுகுச் சுமையோடு கும்பு ஐஸ்ஃபாலுக்குள், அதாவது பனியாறு உடைந்து சரிந்து இறங்கும் பகுதிக்குள் நுழைவார்கள். வெயில் ஏறிவிட்டால் பனிக்கட்டி இளகும், வீடு உயரத்துக்கு நிற்கும் பாளங்கள் எப்போது வேண்டுமானாலும் சரியும். அதனால்தான் இருட்டிலேயே கிளம்புகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய தலைவிளக்குகள் மட்டும் வரிசையாக மேலே நகர்வது தெரியும். அந்த நேரத்தில் பணம் கட்டி வந்த நாங்கள் எல்லோரும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருந்தோம்.

அவர்கள் சுமப்பது என்னவென்று பட்டியலிட்டால்தான் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று விளங்கும். கூடாரம், கேஸ், அரிசி, நூடுல்ஸ், கயிற்றுக் கட்டுகள், ஸ்டவ், ஸ்லீப்பிங் பேக், அப்புறம் ஆக்சிஜன் சிலிண்டர்கள். ஒரு சிலிண்டர் மூன்று நான்கு கிலோ இருக்கும். சுமார் 6,400 மீட்டரில் உள்ள இரண்டாம் முகாமுக்கும், அங்கிருந்து பக்கத்து மலையான லோட்சேயின் சரிவு வழியாக 7,900 மீட்டர் உயரத்தில் உள்ள சவுத் கோல் வரைக்கும் இவை முதுகில்தான் போகின்றன. ஐஸ்ஃபாலில் பிளவுகள் மேல் அலுமினிய ஏணி போட்டு, கயிறு கட்டி, தினமும் சரிபார்ப்பது 'ஐஸ்ஃபால் டாக்டர்கள்' என்று அழைக்கப்படும் தனிக்குழு. சாகர்மாதா (எவரெஸ்டின் நேபாளிப் பெயர்) மாசுக் கட்டுப்பாட்டுக் குழு அவர்களை வேலைக்கு அமர்த்துகிறது. அதற்கு மேலே உச்சி வரை கயிறு கட்டுவது இன்னொரு ஷெர்பா குழு. சீசனில் முதலில் உச்சியைத் தொடுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். வாடிக்கையாளர் அந்தக் கயிற்றில் ஜூமரை (மேல்நோக்கி மட்டும் நகரும் கைப்பிடி) மாட்டிக்கொண்டு பின்னால் போகிறார். இப்போது பல குழுக்கள், வாடிக்கையாளர் ஐஸ்ஃபாலைக் கடக்கும் தடவைகளைக் குறைப்பதற்காக, லோபுச்சே ஈஸ்ட் போன்ற வேறு மலையில் ஏறி உடம்பை உயரத்துக்குப் பழக்க வைக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாமான் போய்த்தான் ஆக வேண்டும். நாம் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் கடக்கும் அந்த இடத்தை, சுமை ஏற்றும் ஷெர்பா அதைப் போலப் பல மடங்கு கடக்கிறார்.

2014 ஏப்ரல் 18 அன்று காலை அங்கேதான் பனிச்சரிவு விழுந்தது. இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். வெளிநாட்டு மலையேறி ஒருவர்கூட இல்லை, காரணம் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்க வேண்டிய வேலை அவர்களுக்கு இல்லை. பதின்மூன்று உடல்கள் கிடைத்தன. மூன்று பேர் இன்றுவரை பனிக்குள்தான். இறந்தவர் குடும்பத்துக்கு அரசு முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய். நம் பணத்தில் 25,000 ரூபாய். ஷெர்பாக்கள் வேலையைத் தொடர மறுத்தார்கள். அந்த ஆண்டு நேபாளப் பக்கத்தில் சீசன் கிட்டத்தட்ட அதோடு முடிந்தது. 10 லட்சமாக இருந்த உயிர்க் காப்பீடு 15 லட்சம் நேபாள ரூபாய் ஆனது அதற்குப் பிறகுதான். இந்தியப் பணத்தில் கணக்குப் போட்டால் சுமார் ஒன்பதரை லட்சம். வயதான பெற்றோரும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் உள்ள ஒரு வீட்டுக்கு அது எத்தனை வருஷம் வரும்? 2023 ஏப்ரலில் மறுபடியும் மூன்று ஷெர்பாக்கள் சாமான் ஏற்றும்போது அதே ஐஸ்ஃபாலில் இறந்தார்கள்.

"அவர்களுக்கு அதெல்லாம் பழக்கம், ஒன்றும் ஆகாது" என்ற பேச்சை டீக்கடையில் மட்டுமல்ல, மலையிலேயே நம்மவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். ஷெர்பாக்களின் உடல் குறைந்த ஆக்சிஜனுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகியது உண்மை. குறைந்த ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்த அவர்களுடைய செல்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் விழுகிற பனிப்பாளத்துக்கு அது தெரியாது. பாபு சிரி ஷெர்பா 1999-ல் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் உச்சியில் 21 மணி நேரம் இருந்தவர். 2001-ல் இரண்டாம் முகாம் பக்கத்தில் பனிப்பிளவுக்குள் விழுந்து இறந்தார். பேஸ் கேம்ப் போகும் வழியில் தோக்லா ஏற்றம் முடிகிற இடத்தில் அவருடைய நினைவுக் கல்மேடை இருக்கிறது. அந்த வழியில் போகிற எல்லோரும் மூச்சு வாங்க அங்கே உட்காருவார்கள். உட்காரும்போது சுற்றியிருக்கும் பெயர்களைப் படித்துப் பாருங்கள்.

சரி, ஐலண்ட் பீக்குக்கு வருகிறேன். எவரெஸ்ட் போகாத நம்மில் பெரும்பாலோருக்கு ஷெர்பாவின் வேலையை அருகில் பார்க்கக் கிடைக்கும் இடம் இந்த மாதிரி மலைகள்தான். நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பி, பாறை இடுக்கில் ஏறி, பனி தொடங்கும் இடத்தில் கிராம்பான் மாட்ட வேண்டும். என் கிராம்பான் பட்டையை நான் கட்டி முடித்ததும் வழிகாட்டி குனிந்து, இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தார். இடுப்பில் கட்டும் ஹார்னெஸ் பட்டையின் பக்கிளைத் தொட்டுப் பார்த்தார். கயிற்றில் மாட்டும் கொக்கியான காரபினரின் திருகு மூடியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். இதெல்லாம் தடித்த கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால். காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் செய்த பிறகு அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு. எங்கள் எல்லோருக்கும் முடிந்த பிறகுதான் தன் கைகளை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டார். "தீதி (அக்கா), மேலே எதற்கும் அவசரப்படாதீர்கள். ஒரு கொக்கியை மாட்டிய பிறகுதான் இன்னொன்றைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்" என்றார். கடைசிப் பனிச்சுவரில் ஒவ்வொரு கயிறு மாறும் இடத்திலும் 'மாட்டிவிட்டேன்' என்று கத்தினேன். மேலேயிருந்து 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கழற்றினேன். இன்றும் எந்த மலையிலும் எனக்கு இதுதான் வழக்கம். களைத்துப்போன மூளை கொக்கியைக் கவனிக்காது. வாய்விட்டுச் சொன்னால் கவனிக்கும்.

இதில் ஒரு விஷயத்தைப் புதிதாகப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பல ஏஜென்சிகளில் வழிகாட்டிக்குச் சம்பளம் போக 'சம்மிட் போனஸ்' என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளர் உச்சியைத் தொட்டால்தான் அது கிடைக்கும். யோசித்துப் பாருங்கள்: உங்களைத் திரும்பிப் போகச் சொல்ல வேண்டிய மனிதருக்கு, அப்படிச் சொன்னால் வருமானம் போய்விடும். பெரும்பாலான ஷெர்பாக்கள் அப்போதும் நேர்மையாகத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த நேர்மைக்கான செலவை அவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்? மலையேற்றம் தொடங்கும் முன்பே, கீழ் முகாமில், சாப்பாட்டுக் கூடாரத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்: "உச்சி போனாலும் போகாவிட்டாலும் இந்தத் தொகை உங்களுக்கு. திரும்பலாம் என்று நீங்கள் சொன்னால் நான் வாதாட மாட்டேன்." இதைச் சொன்னபோது எங்கள் வழிகாட்டி பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதன்பிறகு காற்று எப்படி இருக்கிறது, எங்களில் யார் நடை தளர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் மறைக்காமல் எங்களோடு பேசத் தொடங்கினார். திரும்ப வேண்டிய மணியையும் அப்போதே சேர்ந்து முடிவு செய்துகொண்டோம்.

மேராவில் இது உதவியது. மேல் முகாமில் எங்கள் குழுவில் ஒருவருக்குச் சாயங்காலத்திலிருந்து தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டு, சரியாகிவிடும் என்றார். வழிகாட்டி அவரை வெளியே கூப்பிட்டு, கூடாரத்துக்கு முன்னால் இருந்த சமதளத்தில், ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நாலு அடியில் அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். மறுபடி நடக்கச் சொன்னார், மறுபடியும் அதே. மூளையில் நீர் கோக்கிறதா என்று பார்க்க மலையில் எல்லோராலும் செய்யக்கூடிய சோதனை இது. "இவ்வளவு பணம் கட்டி வந்திருக்கிறேன், காலை வரை பார்ப்போம்" என்று நண்பர் கெஞ்சினார். "காலை வரை காத்திருந்தால் உங்களை நான் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கும். இப்போது நீங்களே நடக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, உதவி வழிகாட்டியோடு அந்த இருட்டிலேயே அவரைக் கீழே அனுப்பினார். சில நூறு மீட்டர் இறங்கியதுமே தலைவலி குறைந்துவிட்டதாக நண்பர் பிறகு சொன்னார். இந்தச் சோதனையை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். வழிகாட்டி செய்யச் சொன்னால் அவமானமாக நினைக்காமல் செய்யுங்கள். தலைவலியை மறைக்காதீர்கள், நீங்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இறங்கும்போது இன்னொருவர் முதுகில் ஏறுகிறது.

இனி அந்தக் குறை. ஒரு பயணத்தில் நாங்கள் முன்பணம் கட்டிய ஏஜென்சி, இரண்டு பேருக்கு, கூடவே உச்சிக்கு ஏறும் ஷெர்பா ஒருவர் என்று எழுதிக் கொடுத்திருந்தது. லுக்லாவில் இறங்கிப் பார்த்தால் நான்கு பேருக்கு ஒருவர். சுமைக்காரர்களில் இரண்டு பேர் கேன்வாஸ் செருப்போடு நின்றார்கள். நம்மவர்கள் எல்லோரையும் பொதுவாக ஷெர்பா என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் சுமை தூக்குகிறவர்களில் பலர் ராய், தமாங் இனத்தவர்கள், கீழ்ப் பள்ளத்தாக்குகளிலிருந்து கூலி தேடி வருகிறவர்கள். 5,000 மீட்டர் அவர்களுக்கும் நம்மைப் போலவே புதிது, நம்மைப் போலவே தலை வலிக்கும். நெற்றியில் நாம்லோ பட்டையைப் போட்டு, நம் டஃபிள் பைகளை இரண்டு சேர்த்துக் கட்டித் தூக்குகிறார்கள். நாங்கள் காத்மாண்டுவுக்குப் போன் போட்டு, இன்னொரு ஷெர்பா வந்தால்தான் சுக்குங் கிராமத்தைத் தாண்டுவோம் என்று உறுதியாகச் சொன்னோம். நாம்சே பஜாரில் இரண்டு பேருக்கும் பூட்ஸும் கையுறையும் வாங்கி, ரசீதை ஏஜென்சிக்கு அனுப்பினோம். இரண்டாவது ஷெர்பா வந்து சேர்ந்தார். பூட்ஸ் பணம் திரும்பி வரவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டேதான் இருந்தோம். ஒரு கட்டத்தில் பதிலும் நின்றுவிட்டது.

அதிலிருந்து, பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குகிறேன். ஏறும் நாளில் எத்தனை பேருக்கு ஒரு ஷெர்பா? அவர் இதே மலையை முன்பு ஏறியவரா, பயிற்சிச் சான்றிதழ் உண்டா? வழிகாட்டிக்கும் சுமைக்காரருக்கும் உயிர்க் காப்பீடு எவ்வளவு, ஹெலிகாப்டர் மீட்பு அவர்களுக்கும் உண்டா, நமக்கு மட்டுமா? தலைக்கு எத்தனை கிலோ? (முப்பதுக்கு மேல் என்றால் நான் அந்த ஏஜென்சியோடு பேச்சை நிறுத்திவிடுவேன்.) இரவில் அவர்கள் எங்கே படுப்பார்கள்? எட்டாயிரம் மீட்டர் மலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ஷெர்பாவுக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் கணக்கில் உண்டா, எத்தனை? நல்ல ஏஜென்சி இவற்றுக்கு ஒரே நாளில் பதில் போட்டுவிடும், கேட்டதற்கு நன்றி என்றுகூட எழுதும். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். பணம் கொஞ்சம் கூடத்தான் ஆகும். அது முடியாது என்றால் இன்னும் ஒரு வருஷம் சேர்த்துவிட்டுப் போகலாம். மலை அங்கேதான் இருக்கும்.

2023 மே மாதம் எவரெஸ்டில் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கெல்ஜே ஷெர்பா தன் சீன வாடிக்கையாளரோடு உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார். பால்கனி எனப்படும் பகுதியில், உறைந்து போகும் நிலையில் ஒரு மலேசிய மலையேறி கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தன் வாடிக்கையாளரிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, உச்சிப் பயணத்தைக் கைவிட்டார். அந்த மனிதரை ஸ்லீப்பிங் மேட்டில் சுற்றி, முதுகில் கட்டியும் பனியில் இழுத்தும், சுமார் ஆறு மணி நேரம் எடுத்து 600 மீட்டர் கீழே கொண்டுவந்தார். வழியில் இன்னொரு ஷெர்பாவும் சேர்ந்துகொண்டார். அந்த மனிதர் பிழைத்தார். அந்த உயரத்தில் சொந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நடப்பதே பெரும்பாடு. இதில் அந்தச் சீன வாடிக்கையாளரையும் நான் மறப்பதில்லை. அத்தனை செலவு செய்து, அத்தனை உயரம் வந்தவர், சரி என்று திரும்பினார். நம் ஊர்ப் பத்திரிகைகளில் எவரெஸ்ட் ஏறியவர் கொடியோடு நிற்கும் படம் வரும்போது, படத்தில் பக்கத்தில் நிற்பவர் பெயர் அநேகமாக இருப்பதில்லை. ஏறிவிட்டு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நிருபரிடம் அந்தப் பெயரை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

நிலைமை மாறிக்கொண்டும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. முன்பு வெளிநாட்டு நிறுவனங்கள் கையில் இருந்த தொழிலில் இன்று நேபாள, அதிலும் ஷெர்பாக்களின் சொந்த நிறுவனங்கள் பெரும்பங்கு நடத்துகின்றன. போர்ட்சே கிராமத்தில் கும்பு கிளைம்பிங் சென்டர் 2003-லிருந்து அவர்களுக்குப் பயிற்சி தருகிறது. 2021 ஜனவரி 16 அன்று உலகின் இரண்டாவது உயரமான மலையான கே2-வின் உச்சியைக் குளிர்காலத்தில் முதன்முதலாகத் தொட்டது பத்து நேபாளிகள் கொண்ட குழு. அதில் ஒன்பது பேர் ஷெர்பாக்கள். 2025-ல் காமி ரீட்டா ஷெர்பா 31-ஆவது முறையாக எவரெஸ்ட் ஏறினார். அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து எவரெஸ்ட் ஏற வசந்த காலப் பர்மிட் 11,000 டாலரிலிருந்து 15,000 டாலர் ஆகியிருக்கிறது. எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி கட்டாயம் என்றும் விதி வந்திருக்கிறது. ஐஸ்ஃபால் மேல் சாமான் ஏற்ற 2024-லிருந்து ட்ரோன்களை முயற்சி செய்கிறார்கள். என் வழிகாட்டிக்கு இந்த ட்ரோன் விஷயத்தில் பெரிய நம்பிக்கை. கூலி குறையாதா என்று கேட்டேன். "குறைந்தாலும் பரவாயில்லை தீதி, ஐஸ்ஃபாலில் ஒரு நடை குறைந்தால் வீட்டில் ஒரு இரவு தூங்குவார்கள்" என்றார். அவருடைய மகன் காத்மாண்டுவில் படிக்கிறான். மலை வேலைக்கு அவனை அனுப்பப்போவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார்.

கடைசியாக டிப்ஸ். அது தர்மம் இல்லை; அந்தத் தொழிலில் வருமானத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது, பயணச் செலவில் ஆரம்பத்திலேயே சேர்த்து ஒதுக்குங்கள். மொத்தமாகத் தலைவர் கையில் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லாமல், சமையல்காரர், உதவியாள், சுமைக்காரர் என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். பழைய ஜாக்கெட், கையுறை கொடுப்பது நல்லதுதான், ஆனால் பணத்துக்குப் பதிலாக அல்ல. முதல் நாளே எல்லோர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காத்மாண்டுவிலேயே நேபாள நோட்டாக மாற்றி, வெற்றுக் கவர்களும் வாங்கிக்கொள்ளுங்கள். சுமைக்காரர்களின் கவரை லுக்லாவுக்கு முந்தின இரவே தயார் செய்துவிடுங்கள். சுமையை இறக்கி வைத்ததும் சிலர் அன்றைக்கே ஊருக்கு நடக்கத் தொடங்கிவிடுவார்கள், இரவு விருந்துவரை இருக்க மாட்டார்கள்.